பக்கத்து வீட்டு ஹாம்ஸ்டரைப் பத்து நாள் பார்த்துக்கணும், மே மாத வெயில் வேறு – என்னென்ன கவனிக்கணும்?

பாளை செல்வி:

வணக்கம். பக்கத்து வீட்டுக்காரங்க கோடை லீவுக்கு வெளியூர் போறாங்க. அவங்க பொண்ணு வளர்க்கிற ஹாம்ஸ்டர் (எலி இனத்துப் பிராணி) வர்ற சனிக்கிழமையிலிருந்து பத்து நாள் எங்க வீட்டில் இருக்கும். சிரியன் வகை, பெண், ஒன்றரை வயசு. கம்பிக் கூண்டு, சக்கரம், தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் தீனி எல்லாம் கூடவே வருது. நாய், பூனை வளர்த்த பழக்கம் எங்களுக்கு உண்டு. இவ்வளவு சின்னப் பிராணி இதுதான் முதல் தடவை.

இருக்கிறது பாளையங்கோட்டை. கீழே ஹால், சமையலறை, ஒரு ரூம். மாடியில் இரண்டு ரூம், மதியம் அங்கே கால் வைக்க முடியாது. ஏசி கீழ் ரூமில் மட்டும், அதுவும் ராத்திரிதான் போடுவோம். எட்டு வயசுப் பையன் இருக்கான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி வைக்கணும்? கூண்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்? பகல் பூரா தூங்கும்னு சொன்னாங்க, அப்போ உடம்பு சரியில்லைன்னா எப்படித் தெரியும்? வெயிலுக்கு ஏதாவது தனியா செய்யணுமா?

எலிவளை:

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் முதல் கேள்வி. தீனியில், சுத்தத்தில் கொஞ்சம் பிசகினாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். சூட்டில் அப்படி இல்லை, ஒரே மதியத்தில் கதை முடிந்துவிடும்.

ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி வரை சுகமான வெப்பம். 28ஐத் தாண்டினால் துவண்டுபோகும், 30க்கு மேல் உயிருக்கே ஆபத்து. சிரியாவிலிருந்து வந்ததுதானே, பாலைவனத்துப் பிராணி, வெயில் தாங்கும் என்று விற்கிற கடையிலேயே சொல்வார்கள். நம்பாதீர்கள். அலெப்போ பக்கத்து வயல்காடுகள்தான் அதன் சொந்த ஊர். அங்கே அது தரைக்கு அரை மீட்டருக்கும் கீழே வளை தோண்டி, மேலே எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே குளிர்ச்சியாகக் கிடக்கும். நம் வீட்டுக் கூண்டில் அந்த ஆழம் கிடையாது. வியர்த்துச் சூட்டைத் தணிக்க அதற்கு வழியில்லை, நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவதும் இல்லை. மின்விசிறியைக் கூண்டுக்கு நேராக வைப்பதில் பெரிய பலன் இல்லாததும் இதனால்தான். வியர்வை இல்லாத உடம்பின் மேல் அனல்காற்றை அடித்து என்ன ஆகப்போகிறது?

மாடி வேண்டவே வேண்டாம். கீழ் ரூமில், ஜன்னல் வெயில் படாத சுவரோரம், ஏசி காற்று நேராக விழாத இடமாகப் பாருங்கள். மதியம் 12லிருந்து 4 வரையாவது ஏசியை 25, 26ல் ஓடவிடுங்கள். அதற்கான மின்கட்டணத்தைக் கிளம்பும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள், கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. சின்ன தெர்மாமீட்டர் ஒன்றைக் கூண்டின் உயரத்திலேயே தொங்கவிடுங்கள். ஆள் உயரத்தில் சுவரில் மாட்டினால் கூண்டுக்குள் இருக்கும் சூடு தெரியாது.

மின்வெட்டுக்கும் தயாராக இருக்கணும். வீடு கட்டியபோது மீந்த தரை டைல் துண்டு இரண்டு இருந்தால் கழுவிக் காயவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒன்று கூண்டுக்குள், ஒன்று ஃப்ரிட்ஜில் என மாற்றி மாற்றி வைக்கலாம். அது தானாகவே வந்து வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துண்டில் சுற்றி, கூண்டுக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வையுங்கள். குளிர் அதிகமானால் மறுபக்கம் நகர அதற்கு இடம் இருக்கணும். ஐஸ் கட்டியை உள்ளே போட வேண்டாம், பெட்டிங் (கூண்டின் அடியில் பரப்பியிருக்கும் மெத்தை) நனைந்து பூஞ்சை பிடிக்கும்.

சூட்டில் நீட்டி நிமிர்ந்து தூங்குவது சகஜம். தீனியைக் காட்டிக் கூப்பிட்டால் மூக்கை ஆட்டி எழுந்துவிடும். எழாமல் கிடந்தாலோ, தாடை எச்சிலில் நனைந்திருந்தாலோ, நடக்கையில் தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காது, பாதம், வயிறு மூன்றையும் ஒற்றுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் உதட்டோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஐஸ் தண்ணீரில் முக்குவது கூடவே கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தானியக்குதிர்:

தீனிக்கு நான் சொல்றேன். சிரியனுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிராம் உலர் தீனி, அதாவது சுமார் ஒரு மேசைக்கரண்டி. குட்டை இனமா இருந்தா பாதி போதும். ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு அது எழுந்திருக்கிற நேரம் வையுங்க. அவங்க கொடுத்த அதே பாக்கெட்டைத்தான் போடணும். தீர்ந்துடும் போல இருந்தா அதே வகையை முன்னாடியே வாங்கி வச்சிடுங்க. திடீர்னு தீனி மாத்தினா வயித்தால போகும்.

புதுசா பார்க்கிறவங்க ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. கிண்ணம் அஞ்சு நிமிஷத்துல காலியாயிடும். பசிதான்னு நினைச்சு மறுபடி மறுபடி நிரப்பாதீங்க. அது சாப்பிடலை, ரெண்டு கன்னப் பையிலயும் அடைச்சு, கூட்டுக்குள்ள கொண்டுபோய்ப் பதுக்கி வச்சிருக்கு. கிண்ணம் காலின்னா வயிறு நிறைஞ்சதுன்னும் அர்த்தமில்லை. அது சாப்பிடுதான்னு தெரியணும்னா எடை பாருங்க: சமையலறை டிஜிட்டல் தராசுல ஒரு டப்பாவை வச்சு பூஜ்யமாக்கி, அதுக்குள்ள விட்டா கிராம் கணக்கு வந்துடும். முதல் நாள் எடையைக் குறிச்சு வச்சுக்கிட்டு, தினமும் ராத்திரி அதே நேரத்துக்குப் பாருங்க. கன்னம் உப்பியிருக்கும்போது பார்த்தா கணக்கு தப்பும். 130 கிராம் இருந்தது 117க்கு வந்தா, பத்துல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம், காத்திருக்கக் கூடாது.

காய் கொடுக்கலாம், கட்டைவிரல் நகம் அளவு ஒரே ஒரு துண்டு. வெள்ளரி, பூசணி, குடைமிளகாய், ரெண்டு கொத்தமல்லி இலை. கேரட் இனிப்பு, அதனால இன்னும் சின்னதா. வாரத்துல ஒரு நாள் உப்புப் போடாம அவிச்ச முட்டை வெள்ளைக்கரு, சுண்டல் கடலை அளவு. இதெல்லாம் அங்கே ஏற்கனவே கொடுத்துப் பழகினதான்னு கேட்டுக்கோங்க. புதுக் காயை அறிமுகப்படுத்த இந்தப் பத்து நாள் சரியான நேரமில்லை. தின்னாத மிச்சத்தைக் காலையில எடுத்துடணும், கூட்டுக்குள்ளயும் பாருங்க. இந்த வெயிலுக்கு வெள்ளரித் துண்டு ஒரே நாள்ல அழுகும். ஆனா உலர்ந்த தானியப் பதுக்கலை மட்டும் கலைக்காதீங்க, அது இல்லைன்னா பதறிப்போகும்.

வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, பச்சை உருளைக்கிழங்கு, தக்காளி இலை, ஆப்பிள் விதை, சாக்லேட் – இது எதுவும் கிட்டயே வரக் கூடாது. பையன்கிட்ட முறுக்கு, மிக்சர், பிஸ்கட் பற்றித் தனியா சொல்லி வையுங்க. இப்படிக் கொடுக்கிறது பெரும்பாலும் பாசத்துலதான்.

தண்ணீர்: 100 கிராம் உடம்புக்கு நாளைக்கு 10 மில்லி கணக்கு, வெயிலுக்குக் கூடும். தினமும் மாத்துங்க, பாட்டில்ல மார்க்கரால கோடு போட்டு வையுங்க. பாட்டில் நிறைஞ்சிருக்குங்கிறதை மட்டும் பார்த்துட்டுப் போகாதீங்க. நுனியில இருக்கிற குண்டு சிக்கிக்கிட்டாலோ உள்ளே காத்து அடைச்சாலோ ஒரு சொட்டும் வராது. காலையும் மாலையும் விரலால அந்தக் குண்டைத் தள்ளிப் பாருங்க, விரல் நனையணும். வாய் எட்டுற உயரம், முதுகு உயரத்துக்குக் கொஞ்சம் மேல, இருக்கான்னும் பாருங்க.

கூண்டைக் கழுவவே வேண்டாம். பத்து நாளுக்கு அது தேவையில்லை, கெடுதலும் கூட. இடம் மாறி வந்த பிராணிக்குத் தன் வாசனை ஒண்ணுதான் பழகினது, அதையும் துடைச்சிட்டா கலங்கிப்போகும். அது ஒரே மூலையிலதான் மூத்திரம் போகும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அந்த ஈரத்தை மட்டும் ஒரு கரண்டியால அள்ளிட்டு, வாசனை போடாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க. பஞ்சு மாதிரி மெத்தைன்னு கடையில விக்கிறதை வாங்காதீங்க. அந்த இழை காலைச் சுத்தி இறுக்கும், விழுங்கினா குடல் அடைச்சுக்கும். உடம்பையும் தண்ணியில குளிப்பாட்டக் கூடாது.

பாளை செல்வி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கூண்டு வந்தாச்சு, கீழ் ரூம்லதான் வச்சிருக்கோம், இப்போ 26 காட்டுது. சாப்பிடுது, ராத்திரி நல்லா ஓடுது, எடை 138. ஆனா நாலு சந்தேகம். இடுப்புல ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு புள்ளி, முடி இல்லாம. காயமா, உண்ணியா? நேத்து முதுகைத் தடவினதும் வாலைத் தூக்கிக்கிட்டு அப்படியே விறைச்சு நின்னுடுச்சு. இன்னிக்கு அடியில வெள்ளையா, கெட்டியா, நாத்தத்தோட ஏதோ வருது. வயித்தால போறதா இது? பல்லும் மஞ்சளா இருக்கு.

நெல்லை கால்நடை:

பதற வேண்டாம் அம்மா, நீங்கள் சொன்ன எல்லாமே இயல்பானவை.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அது வாசனைச் சுரப்பி. சிரியன் வகைக்கு அது இருக்கவேண்டிய இடமே இடுப்புதான். உண்ணி என்று நினைத்துக் கிள்ளிவிடாதீர்கள். பல் மஞ்சளாக, ஆரஞ்சாக இருப்பதே ஆரோக்கியம். மூத்திரம் பால் கலந்தது போல் கலங்கலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

முதுகைத் தொட்டதும் விறைத்து நிற்பது இணைசேரும் பருவத்தின் அடையாளம். பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை இது வரும், மறுநாள் அந்த வெள்ளைக் கசிவு வரும், பிறகு நின்றுவிடும். உங்கள் பத்து நாளில் இரண்டு மூன்று முறை பார்ப்பீர்கள். நிற்காமல் தினமும் வந்தால், சீழ் அல்லது ரத்தம் கலந்திருந்தால், வயிறு உப்பி, தண்ணீர் மிக அதிகமாகக் குடித்தால் அது கர்ப்பப்பைச் சீழாக இருக்கலாம். உடனே மருத்துவமனை.

வயிற்றுப்போக்கு வேறு மாதிரி இருக்கும். வாலும் பின்பக்கமும் ஈரமாக, முடி ஒட்டிப்போய், பிராணி கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும், தீனியைத் தொடாது. ஈர வால் நோய் என்பார்கள். பால் மறந்த குட்டிகளுக்குத்தான் அதிகம் என்றாலும், இடமாற்றமும் தீனி மாற்றமும் பெரியவற்றுக்கும் வயிற்றைக் கெடுக்கும். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் என்பதால் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

மூச்சுவிடும்போது சத்தம், ஒரு கண் மூடியே இருப்பது, முடி சிலிர்த்து நிற்பது, இரவில் சக்கரத்துக்கு வராமலே இருப்பது ஆகியவற்றையும் கவனியுங்கள். பகலில் எழுப்பிப் பார்க்க வேண்டாம், இரவு ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். ஹாம்ஸ்டர் போன்ற சிறு பிராணியை எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று இன்றே போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவை வரும்போது தேடக் கூடாது. கொண்டுபோவதானால் காற்றோட்டத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதன் சொந்தப் பெட்டிங் ஒரு கைப்பிடி, தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் ஒரு வெள்ளரித் துண்டு. பாட்டில் வழியெல்லாம் ஒழுகும். ஆட்டோ என்றால் டப்பாவின் மேல் ஈரத்துணி.

வீட்டில் இருக்கும் மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். குறிப்பாக அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை. நமக்கும் நாய்க்கும் சாதாரணமான அந்த மருந்து, ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நச்சு பரப்பும் கிருமிக்கு வழிவிட்டுவிடும். அதிலேயே செத்துப்போகும்.

உரிமையாளரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி வாங்கி வையுங்கள்: அவசரமென்றால் சிகிச்சை செய்யலாம், இவ்வளவு ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று. இந்த இனத்தின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டு. ஒன்றரை வயது என்பது நடுவயது தாண்டியது. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் அது இறந்துபோகக்கூடும் என்பதை அந்தப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவைப்பது அந்தக் குழந்தைக்குத்தான் நல்லது.

எலிவளை:

இன்னும் ஒன்று விட்டுப்போச்சு. வீட்டில் எலி ஒட்டும் அட்டையோ எலி மருந்தோ எங்காவது வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், பரண், கேஸ் சிலிண்டர் பின்னால் உட்பட. ஹாம்ஸ்டர் தப்பினால் அது போகும் வழி எலி போகும் வழிதான். எறும்பு வந்தால் சாக்பீஸ் கோடோ பவுடரோ வேண்டாம், அதெல்லாம் பூச்சிமருந்து. ஒரு மேசை மேல் கூண்டை வைத்து, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசுவத்தி, கொசு லிக்விட், சாம்பிராணி மூன்றும் அந்த ரூமில் கூடாது, அதன் நுரையீரல் தாங்காது.

கம்பிக் கூண்டின் தூக்குக் கதவை மூக்காலேயே நெம்பித் திறந்துவிடும். பேப்பர் கிளிப் பெரியதாக ஒன்று மாட்டுங்கள். பையன் தூக்குவதானால் தரையில் உட்கார்ந்துதான், சோப்பால் கை கழுவிய பிறகு. விரலில் சாப்பாட்டு வாசனை இருந்தால் கடிக்கும். மேலேயிருந்து பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து ஏந்தணும். அதற்கு உயரம் கணிக்கத் தெரியாது, நின்றபடி தூக்கினால் குதித்து முதுகை ஒடித்துக்கொள்ளும். தூங்கும்போது தொடவே கூடாது. கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டி, டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தப்பிவிட்டால் துரத்த வேண்டாம். எல்லாக் கதவையும் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, ஒவ்வொரு ரூமிலும் எண்ணி ஐந்து சூரியகாந்தி விதை வையுங்கள், சுற்றி அரிசி மாவு தூவுங்கள். எந்த ரூமில் விதை குறைந்து கால்தடம் விழுந்திருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது. அந்த ரூமில் ஒரு அடி ஆழமுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் வாளியை வையுங்கள். விழும்போது அடிபடாமல் அடியில் மடித்த துண்டு, அதன் மேல் அதன் பழைய பெட்டிங், ஒரு வெள்ளரித் துண்டு. வெளியே புத்தகங்களைப் படிபோல விளிம்பு வரை அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உள்ளே இறங்கினால் ஏற முடியாது. ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போய் வாளியைப் பாருங்கள், ஏசியை அணைக்காதீர்கள்.