பீசோவுக்குத் தமிழ்: அழுத்தமின்னா, அமுக்கமின்னா?

கோலாலம்பூரிலிருந்து:

வணக்கம். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கான செய்முறைக் கையேட்டில் 'பீசோஎலெக்ட்ரிக்' (சில பொருள்களை அமுக்கும்போதோ வளைக்கும்போதோ மின்னூட்டம் தோன்றும் தன்மை) என்பதற்கு 'அழுத்தமின்' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும். அதே பக்கத்தில் வோல்டேஜுக்கு 'மின்னழுத்தம்' வருகிறது. 'அழுத்தமின் வட்டின் மின்னழுத்தம்' என்று எழுதினால் ஐந்தாம் ஆண்டு மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? 'அமுக்கமின்' என்பதை முன்வைக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் பிரஷருக்கு அமுக்கம்தான். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்ட விளைவுக்கு அடுத்த ஆண்டு ஜெர்மன் இயற்பியலாளர் ஹாங்கெல் பெயர் வைத்தபோதும் 'அமுக்கு' என்னும் பொருளுள்ள கிரேக்க வினையைத்தான் எடுத்தார்.

பினாங்கிலிருந்து:

ஐயா, சொல் சரி. வரையறைதான் இடிக்கிறது. கையேட்டில் 'அமுக்கினால் மின்சாரம் தருவது' என்று இருக்கிறது. அமுக்கியபடியே வைத்திருந்தால் எதுவும் வராது. செய்முறைக்கு எடுப்பது 27 மி.மீ. பஸ்ஸர் (ஒலிப்பான்) வட்டு: பித்தளைத் தகட்டின் மேல் அமுக்கமின் பீங்கான், அதன் மேல் வெள்ளிப் பூச்சு. அதன் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) ஏறத்தாழ 20 நானோஃபாரட். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். இரண்டையும் பெருக்கினால் 0.2 நொடி. ஒரு நொடிக்குள் மின்னூட்டம் மீட்டர் வழியே வடிந்து சுழியத்துக்கு வந்துவிடும். கையை எடுத்தால் எதிர்க்குறியில் இன்னொரு துடிப்பு. இது தெரியாமல், வட்டு கெட்டுவிட்டது என்று மாணவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே 'தகைவு (பொருளுக்குள் எழும் விசை, ஸ்ட்ரெஸ்) மாறும்போது' என்ற சொற்கள் வரையறையில் கட்டாயம் வேண்டும்.

தகைவு என்றால் வளைத்தலும் அடங்கும். அதுதான் இங்கே முக்கியம். தட்டையான பலகையில் வட்டை வைத்து மிதித்தால் பயன் குறைவு. விளிம்பை மட்டும் தாங்கும் வளையத்தில் வைத்து, நடுவில் சிறு ரப்பர் துண்டு ஒட்டி அமுக்கச் சொல்லுங்கள். வளையத்துக்குள்ளே வட்டு மிகுதியாக வளையாதபடி அடியில் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் பீங்கான் விரிசல் விடும்.

சாலிடர் பற்றியும் சேர்க்கவும். ஒரு கம்பி பித்தளையில், மற்றது வெள்ளிப் பூச்சில். வெள்ளியில் இரண்டு நொடிக்கு மேல் சூட்டுக்கோல் நின்றால் பூச்சு சாலிடரில் கரைந்து உரியும். பல வட்டுகளை நேரடியாக இணைக்கவே கூடாது. வெவ்வேறு நேரத்தில் மிதிபடும்போது ஒன்றின் மின்னூட்டத்தை மற்றொன்று விழுங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் நான்கு டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) கொண்ட தனிப் பாலம் வைத்து, அதன் பிறகே மின்தேக்கியில் (கெபாசிட்டர்) சேர்க்க வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து:

டீச்சர், திருத்தங்களை ஏற்கிறேன். முன்னுரையில் உள்ள 'பத்துமலையின் 272 படிகளில் பதித்தால் விளக்கெரியும்' என்ற வரியையும் நீக்குகிறேன். கணக்கு இடம் தரவில்லை: 20 வோல்ட்டில் அந்த வட்டு வைத்திருப்பது 4 மைக்ரோஜூல். 2 வோல்ட், 20 மில்லியாம்பியரில் எரியும் ஒரு எல்இடிக்கு நொடிக்கு 40,000 மைக்ரோஜூல் வேண்டும். அதாவது நொடிக்குப் பத்தாயிரம் அமுக்கல். மின்தேக்கியில் சேர்த்துவைத்து ஒரு கணம் மின்ன விடுவதே மாணவர்களுக்கு நேர்மையான செய்முறை.

காந்தமும் சுருளும் வைத்த தரை ஓடுகளை 'அமுக்கமின் ஓடு' என்று எழுதக்கூடாது. அது மின்காந்தத் தூண்டல். மின்னூட்டம் பொருளுக்குள்ளேயே பிரிந்தால்தான் அமுக்கமின். மின்சாரம் கொடுத்தால் வட்டு நெளிவது 'மறுதலை அமுக்கமின் விளைவு'. பஸ்ஸர் ஒலிப்பது அதனால்தான். பைரோஎலெக்ட்ரிக்குக்கு (வெப்பநிலை மாறும்போது மின்னூட்டம் தோன்றும் தன்மை) 'வெப்பமின்' போட்டால் தெர்மோஎலெக்ட்ரிக்கோடு (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தோன்றும் தன்மை) மோதுகிறது. அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம்.