தொல்லை தரும் பக்கத்து வீட்டுக்காரர்: வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டுமா?

மேற்கு ஜன்னல்:
எங்கள் வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். கட்டடத்தில் சொல்லும்படியான குறை ஒன்றும் இல்லை; தொல்லை முழுவதும் பக்கத்து வீட்டிலிருந்துதான். நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கி ஓடும், வண்டியை எங்கள் வாசலை மறித்து நிறுத்துவார்கள், கேட்டால் வசவுதான் பதிலாகக் கிடைக்கும். இவை போதாதென்று, பின்புறச் சுற்றுச்சுவர் தம் நிலத்திற்குள் ஓர் அடி தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் நெடுநாளாகச் சொல்லிவந்தார். சென்ற ஆண்டு அதைக் கடிதமாகவே எழுதி அனுப்பிவிட்டார். இரைச்சலைப் பற்றி நாங்களும் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். "வீடு பார்க்க வருபவர்களைப் பகலில் மட்டும் அழைத்து வருகிறேன், நீங்கள் எதையும் பேச வேண்டாம்" என்கிறார் தரகர். மறைத்து விற்பது நியாயமில்லை என்கிறார் என் மனைவி. இரண்டு பக்கத்து வாதங்களையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.

சாய்வுநாற்காலி:
தரகர் சொல்வதில் எனக்குப் பெரிய தவறு தெரியவில்லை. நீங்கள் விற்பது நிலத்தையும் கட்டடத்தையும்தானே தவிர, பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தை அல்ல. வாங்குபவர் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் நெறி. அவர் ஒருநாள் இரவில் அந்தத் தெருவில் நடந்து பார்க்கலாம், எதிர்வீட்டில் கேட்கலாம்; அதை யாரும் தடுக்கவில்லை. மேலும், சண்டை என்பது இருவர் சேர்ந்து போடுவது. உங்களோடு பத்து ஆண்டு முறைத்துக்கொண்டிருந்த மனிதர் புதிதாக வருபவரோடு நன்றாகப் பழகவும் கூடும். உங்களோடு முடிந்துபோகக்கூடிய ஒரு பகைக்காக நீங்கள் ஏன் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்? இன்னொரு ஆபத்தும் உண்டு. "அவர் மோசமானவர்" என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே அவதூறு என்று உங்கள்மேல் நோட்டீஸ் வரும்.

கறுப்பு மை:
சாய்வுநாற்காலி அவர்கள் சொல்லும் நெறி உண்மையானதுதான், ஆனால் அது பல இடங்களில் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. கேள்வி கேட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லாததால் மூன்று இடங்களைச் சொல்கிறேன். இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தால் அவர் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், அதை விற்பவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு முடிவில் சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பவர் வழக்கமாக நிரப்பித் தரும் சொத்து விவரப் படிவத்தில், இந்தச் சொத்தைப் பற்றியோ அருகிலுள்ள சொத்தைப் பற்றியோ தகராறு அல்லது புகார் உண்டா என்ற கேள்வியே இருக்கிறது. அங்கே "இல்லை" என்று எழுதினால் அது வெறும் மௌனம் ஆகாது, எழுத்தில் கொடுத்த பொய் ஆகிவிடும். கலிபோர்னியாவின் படிவம் அக்கம்பக்கத்து இரைச்சலைப் பெயர் சொல்லியே கேட்கிறது. பகைமை பாராட்டித் தொல்லை தரும் குடும்பம் பக்கத்தில் இருப்பது, வீட்டைச் சுற்றிப் பார்ப்பவரின் கண்ணில் சாதாரணமாகப் படக்கூடிய விஷயமல்ல என்று அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992ஆம் ஆண்டிலேயே கருத்துத் தெரிவித்திருக்கிறது.

சாய்வுநாற்காலி:
பிரிவை நீங்கள் சரியாகத்தான் எடுத்துச் சொன்னீர்கள், ஆனால் அதிலுள்ள சொற்களை நிறுத்திப் படியுங்கள். "சொத்திலோ அதன் உரிமையிலோ" உள்ள குறை என்றுதான் அது பேசுகிறது. ஒலிபெருக்கி பக்கத்து வீட்டில் இருக்கிறது. வசவு ஒரு மனிதரின் வாயில் இருக்கிறது. இரண்டும் விற்கப்படும் சொத்தில் இல்லை. "சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத" என்ற நிபந்தனையையும் பாருங்கள்: தெருவுக்கே கேட்கும் இரைச்சலைக் கண்டுபிடிக்க முடியாது என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலும், பேச வேண்டிய கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடி ஆகாது என்ற விளக்கம் இருக்கிறது. சுவரைப் பற்றிய கடிதமும் இப்போதைக்கு ஒரு கோரிக்கைதான். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம்; அதனாலேயே சொத்தில் குறை வந்துவிடாது.

கறுப்பு மை:
நீங்கள் காட்டிய அதே 17ஆம் பிரிவில், உண்மையை அறிந்த ஒருவர் அதை முனைந்து மறைப்பதும் மோசடியின் வகைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தரகரின் யோசனையை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். வாங்குபவருக்கு எந்த நேரத்திலும் வந்து பார்க்கும் வாய்ப்பு இருந்து, அவர் வராமல் விட்டார் என்றால் அது அவருடைய அசட்டை. அவர் மாலையில் வர விரும்பியபோது "பகலில் மட்டும்தான்" என்று சொல்லி, அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால், அவருடைய சாதாரணக் கவனத்தைக் கெடுத்தவர் விற்பவரே அல்லவா? ஒரு கையால் கதவைச் சாத்திவிட்டு மறு கையால் "ஏன் உள்ளே பார்க்கவில்லை" என்று கேட்பது எடுபடாது. கடிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோரிக்கை பொய்யாகவே இருக்கலாம். ஆனால் எல்லையைப் பற்றி எழுத்தில் ஒரு கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்பது மெய். வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த மெய்யைத்தான்.

இரண்டாம் சாவி:
வாங்கியவர் பக்கத்திலிருந்து ஒரு சொல். நான் வீடு வாங்கியபோது பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி என்று நேரடியாகவே கேட்டேன். "எல்லோரும் தங்கமானவர்கள்" என்ற பதில் வந்தது. குடிபுகுந்த பிறகுதான், விற்றவருக்கும் அடுத்த வீட்டுக்கும் வழிப்பாதை பற்றி நெடுநாள் தகராறு இருந்தது தெரியவந்தது. முன்பே சொல்லியிருந்தால் நான் வாங்காமல் ஓடியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். பாதையை அளந்து, எழுதி வாங்கிக்கொண்டு, கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான். ஆகவே சாய்வுநாற்காலி அவர்களிடம் ஒரு கேள்வி: "ஏன் விற்கிறீர்கள்?" என்று வாங்குபவர் கேட்காமல் இருக்க மாட்டார். அப்போது என்ன சொல்வதாக உத்தேசம்?

சாய்வுநாற்காலி:
"சொந்தக் காரணம்" என்று சொன்னால் போதும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது போலக் குறிப்பாக, "பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கேளாததைச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சியே தவிர, கேட்டதற்குப் பொய் சொல்லலாம் என்பதல்ல.

கறுப்பு மை:
"சொந்தக் காரணம்" என்பதையே என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. குடும்பம் பெரிதாகிவிட்டது, வேலை மாறிவிட்டது என்று கேட்பவர் தாமாக நினைத்துக்கொள்ளட்டும் என்றுதானே அந்தச் சொல் அங்கே வைக்கப்படுகிறது?

அளவுகோல்:
நீங்கள் மூவரும் இரைச்சலையும் சுவரையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாதாடுகிறீர்கள். பிரித்துப் பார்த்தால் பாதி வாதம் தீர்ந்துவிடும். சுவர் எல்லையைத் தொட்ட விஷயம், அது வாங்குபவரோடு கூடவே போகும். அதைத் தெரிவிப்பதா வேண்டாமா என்று யோசிக்கவே இடமில்லை. மேற்கு ஜன்னல் அவர்கள் முதலில் நில அளவையரை வரவழைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து, அவர் இருக்கும்போதே அளந்து, வரைபடத்தில் அவரிடமும் கையெழுத்து கேளுங்கள். அவர் மறுத்தாலும் தேதியிட்ட வரைபடம் உங்கள் கையில் இருக்கும். அளவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அந்தக் கடிதத்தின் பல் பிடுங்கப்பட்டுவிடும். பாதகமாக வந்தால், ஓர் அடியை விட்டுக்கொடுத்து எழுதிக்கொள்வதா, அந்த அடிக்கு விலை பேசுவதா என்பதை விற்பதற்கு முன்பே தீர்மானிக்கலாம். கோபத்தில் இப்போது எல்லை வழக்குப் போட்டுவிடாதீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை வாங்குபவரும் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதால், விவரம் தெரிந்த எவரும் அந்த நிலையில் முன்பணம் கொடுக்கத் தயங்குவார்.

இரைச்சலைப் பற்றிச் சொல்லும்போது அடைமொழிகளை விட்டுவிட்டால் அவதூறு பற்றிய பயம் பெரும்பாலும் தேவைப்படாது. "முரடர்", "குடிகாரர்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. "இன்ன தேதியில் இரவு இரைச்சல் பற்றிப் புகார் கொடுத்தோம், ரசீது இதோ" என்பது நடந்த செய்தி. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே வாங்கக்கூடும். ஒட்டிய நிலத்துக்கு மற்ற எவரையும்விட அதிக மதிப்பு வைக்கக்கூடியவர் அவர்தான். உங்களுக்கு அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் வக்கீல் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். ஆனால் எவ்வளவுக்கு இறங்கி வருவீர்கள் என்பது மட்டும் அவர் காதுக்குப் போகக் கூடாது.

மேற்கு ஜன்னல்:
அவரிடமே விற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் சொன்னபோது முதலில் சிரித்தார், பிறகு யோசிக்கத் தொடங்கிவிட்டார். அளவுக்கு ஏற்பாடு செய்கிறேன். பகலில் மட்டும் காட்டும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தரகரிடமும் சொல்லிவிட்டேன், அவருக்கு வருத்தம்தான். என் பயம் ஒன்றுதான்: வாசலில் கால் வைப்பவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னால் யார் மிஞ்சுவார்கள்?

அளவுகோல்:
எல்லோரிடமும் சொல்லச் சொல்லவில்லை. விளம்பரத்தில் அது இடம்பெற வேண்டியதில்லை, முதல்முறை வந்து பார்ப்பவரிடமும் தேவையில்லை. விலை பேசத் தொடங்குபவரிடம், முன்பணம் கை மாறுவதற்கு முன்பு, கடிதத்தின் நகலையும் வரைபடத்தையும் புகார் ரசீதையும் கொடுத்து, அவற்றைப் பெற்றுக்கொண்டதாக விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்த்துவிடுங்கள். பின்னால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல வழியிருக்காது. அந்த வாசகம் உங்களைக் காக்கும் அளவுக்கு மௌனம் காக்காது.

சாய்வுநாற்காலி:
கடிதத்தையும் வரைபடத்தையும் கொடுப்பதில் எனக்கு இனி ஆட்சேபம் இல்லை. புகார் ரசீதில்தான் இன்னும் உடன்பாடில்லை. அந்தப் புகாருக்குப் பிறகு இரைச்சல் நின்றுவிட்டிருந்தால், முடிந்துபோன ஒன்றைக் காட்டி விலையை இழப்பதில் என்ன நேர்மை இருக்கிறது? மேற்கு ஜன்னல் அவர்கள் அதை இதுவரை தெளிவாகச் சொல்லவில்லை.

மேற்கு ஜன்னல்:
நிற்கவில்லை. சில வாரங்கள் அடங்கியிருந்துவிட்டு மறுபடி தொடங்கிவிட்டது. இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதும் கேட்கிறது.

சாய்வுநாற்காலி:
அப்படியானால் ரசீதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதற்காக விலையைக் குறைக்க நீங்களாக முன்வர வேண்டாம், அவர் கேட்கட்டும்.