விஜயா எண்ணெய்: வேலூரில் வாங்கலாமா, புற்றுநோய் வலிக்குக் கொடுக்கலாமா?

குடியாத்தம்காரன்:

வணக்கம். நோயாளி பெண், வயது 61, எடை 48 கிலோ. மார்பகப் புற்றுநோய், இடுப்பெலும்பில் பரவியிருக்கு. பாக்லிடாக்செல் கீமோவுக்கு அப்புறம் பாதத்துல எரிச்சலும் மதமதப்பும். இப்போ ஓடுற மருந்து: வலிக்கு டிரமடால் 50 மி.கி. மூணு வேளை, நரம்பு எரிச்சலுக்கு ராத்திரி பிரிகாபாலின் 75 மி.கி., கால்ல ரத்தம் கட்டினதால வார்ஃபரின்.

ஆன்லைன்ல "விஜயா எண்ணெய்"னு 30 மி.லி. புட்டி விக்கிறாங்க. வீடியோ கால்ல ஆயுர்வேத டாக்டர் பேசி சீட்டும் அனுப்புறார். விஜயான்னா கஞ்சா இலைதான். இதை வீட்ல வெச்சிருந்தா கேஸ் வருமா? காட்பாடி ஸ்டேஷன்ல ஆந்திரா வண்டி வந்தா பையைத் திறந்து பாக்குறாங்க. எத்தனை சொட்டு கொடுக்கணும்? வார்ஃபரினோட ஒத்துப்போகுமா? டிரமடாலை நிறுத்திட்டு இதை மட்டும் கொடுக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி வக்கீல்:

சட்டத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் (என்டிபிஎஸ்) "கஞ்சா" என்றால் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனி கலக்காத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. ஆயுர்வேத, சித்த மருந்து கம்பெனிகள் நிற்பது இந்த இடைவெளியில்தான். மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில் நச்சுத்தன்மையுள்ள சரக்குகளின் பட்டியல் இருக்கிறது. ஆயுர்வேதப் பகுதியில் பங்கா (பாங்), சித்தப் பகுதியில் கஞ்சா, இரண்டும் அதில் உண்டு. அதனால் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தாக இருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கவேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் லேபிளில் இருந்தாக வேண்டும். அது இல்லாத புட்டியைத் தொடாதீர்கள்.

சிக்கல் இனிமேல்தான். அதே வரையறையில் "சரஸ்" என்றொரு பிரிவு உண்டு. செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின், எந்த வடிவத்தில் இருந்தாலும், அடர்த்தியாக்கிய எண்ணெய் உட்பட, சரஸ்தான். இலையை அரைத்துச் செய்த சூரணத்துக்கு இந்தக் கேள்வி எழாது. சாரம் இறக்கிய எண்ணெய் என்றால், "இது இலைச் சாறா, பிரித்தெடுத்த பிசினா" என்று அரசுத் தரப்பு கேட்க இடம் இருக்கிறது. ஸ்டேஷனில் வைத்திருக்கும் சோதனைக் கிட் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருக்கிறதா என்று நிறம் காட்டும், அவ்வளவுதான். இலையா பூவா என்பது அதற்குத் தெரியாது. தடய அறிவியல் கூடத்து அறிக்கை வரும்வரை உங்களுக்காகப் பேசப்போவது காகிதம் ஒன்றே.

ஆகவே நோயாளி பெயரில் சீட்டு (டாக்டரின் பதிவு எண்ணோடு), நோயாளி பெயரில் பில், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உள்ள ஆய்வறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி நகல், நான்கும் புட்டியோடு ஒரே கவரில் இருக்கட்டும். சீல் பிரித்த புட்டியையும் அட்டைப்பெட்டியோடு வையுங்கள். வேறு சின்னப் புட்டியில் ஊற்றிக் கொண்டுபோவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அந்த நிமிஷமே அது அடையாளமில்லாத எண்ணெய் ஆகிவிடும். பையைச் சோதிக்கும்போது 50ஆம் பிரிவைச் சொல்லித் தடுக்க முடியாது. அது உடல் சோதனைக்குத்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமைதியாகக் கவரைக் காட்டுங்கள்.

மத்தியச் சட்டத்தில் இலைக்கு விலக்கு என்பதால் எல்லா மாநிலத்திலும் விலக்கு என்று அர்த்தமில்லை. இலையை முறைப்படுத்துவது மாநிலத்தின் கையில். தமிழ்நாட்டில் வடநாட்டு மாதிரி உரிமம் பெற்ற பாங் கடை கிடையாது. செடி வளர்ப்பது தனிக் குற்றம்: 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். "மருந்துக்காக மாடியில் ரெண்டே செடி" என்பதெல்லாம் எடுபடாது. தாய்லாந்தில் கடையில் வாங்கினேன், பில் இருக்கிறது என்பதும் விமான நிலையத்தில் செல்லாது, அது இறக்குமதி.

மருந்தாளுநர் காகிதப்பட்டறை:

வக்கீல் சார் சொன்ன ஆய்வறிக்கை போலீஸுக்கு மட்டும் இல்ல, அளவு போடுறதுக்கும் அதுதான் ஆதாரம்.

புட்டி மேல "1500 மி.கி. விஜயா சாரம்"னு இருக்கும். அது சாரத்தோட எடை. அதுல டிஎச்சி எவ்வளவு, சிபிடி (கஞ்சாவுல இருக்கிற, போதை தராத இன்னொரு பொருள்) எவ்வளவுன்னு லேபிள்ல பெரும்பாலும் இருக்காது. இந்த ரெண்டு எண்ணும் மி.லி.க்கு இத்தனை மி.கி.ன்னு தெரியாம ஒரு சொட்டு கூடக் கொடுக்காதீங்க. தொகுதி எண் அறிக்கையிலும் புட்டியிலும் ஒண்ணா இருக்கணும். "மாதிரி அறிக்கை"ன்னு வெப்சைட்ல போட்டிருக்கிற படம் கணக்கில்ல.

இன்னொரு குழப்பம், சணல்விதை எண்ணெய். 2021 நவம்பர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதை, விதை எண்ணெய், விதை மாவு மூணையும் உணவா விக்க அனுமதிச்சுது. எண்ணெயில டிஎச்சி கிலோவுக்கு 10 மி.கி.க்கு மேல இருக்கக் கூடாது. அது சாலட்ல ஊத்திக்கிற சமாச்சாரம். வலிக்குன்னு வாங்கினா காசுதான் போகும்.

சொட்டுக் கணக்கை விட்டுடுங்க. ஒரு ட்ராப்பர்ல 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும், இன்னொண்ணுல 30. ஊசி மாட்டாத 1 மி.லி. சிரிஞ்ச் மெடிக்கல்ல கிடைக்கும், அதுல உறிஞ்சி அளங்க. இன்சுலின் சிரிஞ்ச் வேணாம். நம்ம ஊர்ல 40 யூனிட்டும் இருக்கு, 100 யூனிட்டும் இருக்கு, கோட்டைப் பாத்து அளந்தா ரெண்டரை மடங்கு தப்பாயிடும்.

டிஎச்சி இருக்கிற மருந்தை டாக்டருங்க பொதுவா ராத்திரி 2.5 மி.கி.ல தொடங்குவாங்க. வயசான, எடை குறைஞ்சவங்களுக்கு அதுலயும் பாதி. அறிக்கையில மி.லி.க்கு 20 மி.கி. டிஎச்சின்னு இருந்தா 2.5 மி.கி.ங்கிறது 0.125 மி.லி., அதாவது சிரிஞ்ச்ல ஒண்ணேகால் பெரிய கோடு. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவைதான் ஏத்தணும், அதுவும் அதே அளவு படியா.

பெரும்பாலும் எங்க தப்பு நடக்குது? வாயில கொடுத்தா வேலை ஆரம்பிக்கவே ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு ரெண்டு மூணு மணி கூட. அதுக்குள்ள "ஒண்ணும் கேக்கலையே"ன்னு இன்னொரு தரம் கொடுத்துடுவாங்க. ரெண்டும் சேந்து ஏறும்போது படபடப்பு, தலைசுத்தல், ஆளைத் தெரியாத குழப்பம். ஆறு எட்டு மணி நேரம் இறங்காது. எழுந்தா பிரஷர் டக்குனு விழும். இடுப்பெலும்புல பரவின நோயாளி பாத்ரூம் போற வழியில விழுந்தா எலும்பு முறிவுதான். கொழுப்புள்ள சாப்பாட்டோட கொடுத்தா உடம்புல ஏறுற அளவு கூடும், சிபிடிக்கு நாலஞ்சு மடங்கு வரைக்கும் போகும். ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் நெய் சாதம்னு மாத்தினா அளவும் மாறின மாதிரிதான்.

வார்ஃபரின்தான் இங்க பெரிய விஷயம். வார்ஃபரினை உடைக்கிற அதே கல்லீரல் நொதியை சிபிடி தடுக்கும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு) ஏறும், ரத்தக் கசிவு பயம் கூடும். டிரமடாலும் தன் பங்குக்கு ஏத்தக்கூடியது. எண்ணெய் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஐஎன்ஆர், அஞ்சு ஏழு நாள்ல ஒண்ணு, அளவு ஏத்துற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. ஈறுல ரத்தம், கறுப்பா மலம்னா உடனே ஆஸ்பத்திரி. வார்ஃபரினுக்குப் பதிலா ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாத்த முடியுமான்னு புற்றுநோய் டாக்டரைக் கேளுங்க.

கிட்னி மாத்தினவங்க இதைப் படிச்சா: டாக்ரோலிமஸ் அளவையும் சிபிடி ஏத்தும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடறவங்களுக்கு கல்லீரல் நொதி கூடும், குளோபஸாம்னா தூக்கம் அளவுக்கு மீறும். அமெரிக்காவில் 2018ல அனுமதிச்ச சிபிடி வலிப்பு மருந்துக்கே தொடங்குறதுக்கு முன்னாடியும், அப்புறம் 1, 3, 6ஆம் மாசமும் கல்லீரல் டெஸ்ட் கேக்குறாங்க. மனச்சிதைவு வந்தவங்க, இதய நோய் கட்டுக்குள்ள இல்லாதவங்க, கர்ப்பிணி, இவங்க யாரும் டிஎச்சி பக்கம் போக வேணாம்.

ஊரிசு முன்னாள் மாணவன்:

இவ்வளவு நல்ல மருந்தை அரசாங்கம் ஏன் இப்படி ஒளிச்சு வெக்கணும்? கனடாவுல 2001லேயே நோயாளிகளுக்குக் கொடுத்தாச்சு, ஜெர்மனியில 2017ல. 2020 டிசம்பர்ல ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான 4ஆம் அட்டவணையிலிருந்து எடுத்தப்போ 27க்கு 25னு ஓட்டு விழுந்துச்சு, இந்தியாவும் ஆதரவாத்தான் போட்டுச்சு. நம்ம சட்டத்தோட 8ஆம் பிரிவே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வழி விடுது, 10ஆம் பிரிவு மாநிலத்துக்கு விதி போட அதிகாரம் தருது. இமாச்சல் சட்டமன்றம் 2024ல தீர்மானமே போட்டுடுச்சு. தமிழ்நாடு விதி எழுதினா வேலை முடிஞ்சுது. நாம கோரிக்கை வைக்க வேண்டியது அதைத்தான்.

தணிப்புச் செவிலி பாகாயம்:

விதி எழுதணும்னு சொல்றது சரி. எழுதினா வேலை முடிஞ்சுதுன்னு சொல்றதுதான் தப்பு தம்பி. மார்ஃபினைப் பாருங்க. மருத்துவத்துக்கு அது என்னைக்குமே தடை இல்ல. அபினி விளைவிச்சு ஏற்றுமதியும் பண்ற நாடு இது. ஆனா 1985க்கு அப்புறம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமம், அடுக்கடுக்கா கையெழுத்துன்னு வெச்சதுல ஆஸ்பத்திரிங்க வாங்குறதையே விட்டுட்டாங்க. 2014ல சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்தை அத்தியாவசியப் போதை மருந்துன்னு அறிவிச்சு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருத்தரே ஒப்புதல் கொடுத்தாப் போதும்னு ஆக்கினாங்க. அப்படியும் இன்னைக்கு எத்தனை தாலுகா ஆஸ்பத்திரியில மாத்திரை இருக்கு? கஞ்சா மருந்துக்கு விதி கேக்குறவங்க யார் இருப்பு வெப்பாங்க, யார் எழுதுவாங்க, பதிவேடு யார் பாப்பாங்கன்னு சேத்துக் கேக்கணும். இல்லேன்னா காகிதத்துல அனுமதி இருக்கும், கையில மருந்து இருக்காது.

இப்போ கேள்வி கேட்ட தம்பிக்கு. டிரமடாலை நிறுத்திட்டு எண்ணெய் மட்டும் கொடுக்காதீங்க. திடீர்னு நிறுத்தினா வியர்வை, நடுக்கம், வாந்தி வரும். புற்றுநோய் வலிக்கு கஞ்சா மருந்து ஆராய்ச்சியில பெருசா ஒண்ணும் சாதிக்கல. தூக்கத்துக்கும் பசிக்கும் சிலருக்கு உதவுது, அவ்வளவுதான். அதோட உங்க நோயாளிக்கு செய்ய வேண்டிய வழக்கமான வைத்தியமே இன்னும் பாக்கி இருக்கு.

அங்க இருக்கிறது ரெண்டு வலி. எலும்பு வலி வேற, பாத எரிச்சல் வேற. எலும்புக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சு அளவு) கதிர்வீச்சு கொடுக்கலாமான்னு கேளுங்க. பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் மாத்திரை வேணும். டிரமடால் 150 மி.கி. போதலைன்னா அடுத்தது மார்ஃபின்தான். இந்த வயசுக்கும் எடைக்கும் பொதுவா 5 மி.கி. நாலு மணிக்கு ஒரு தடவை, அதாவது 10 மி.கி. மாத்திரையில பாதி. ராத்திரி படுக்கும்போது ரெட்டை அளவு கொடுத்தா நடுராத்திரி எழுப்ப வேண்டாம். முதல் நாள்லேருந்தே மலமிளக்கி சேந்தே போகணும். அதை விட்டதாலதான் பாதிப் பேர் "மார்ஃபின் ஒத்துக்கல"ன்னு நிறுத்திடறாங்க. நடுவுல வலி எகிறினா, ஒரு நாள் மொத்த அளவுல ஆறுல ஒரு பங்கு கூடுதலா. கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட் அளவு) ஏறியிருந்தா இந்தக் கணக்கு மாறும், டாக்டர் பாத்துதான் எழுதணும்.

பாதத்துக்கு: கீமோவால வந்த நரம்பு வலிக்கு ஓரளவு ஆதாரம் உள்ள மாத்திரை டுலாக்ஸ்டீன். ஆனா டிரமடாலோட சேத்தா செரடோனின் கூடி நடுக்கம், காய்ச்சல் வரலாம். வார்ஃபரினோட ரத்தக் கசிவு பயமும் உண்டு. அதனால டிரமடாலிலிருந்து மாறின அப்புறம் பேசுங்க.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில வலித்தணிப்புப் பிரிவு இருக்கு. நடக்க முடியாதவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்ற செவிலியர் உண்டு, உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வையுங்க. எங்க போனாலும் எண்ணெய் வாங்கியிருக்கிறதை மறைக்காதீங்க. திட்டுவாங்கன்னு மறைச்சு, பிரிகாபாலின், மார்ஃபின், எண்ணெய் மூணும் ஒரே ராத்திரி உள்ளே போனா எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாங்க.

புகையா வேண்டவே வேண்டாம். தெருவுல விக்கிற கஞ்சாவுல பூஞ்சை இருக்கும். கீமோவுல வெள்ளணு இறங்கியிருக்கிறப்போ அது நுரையீரல்ல போய் உக்காந்தா புற்றுநோய்க்கு முன்னாடி அதுவே ஆளைக் கொண்டுபோயிடும்.

குடியாத்தம்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வர்ற திங்கள் ஓபியில மார்ஃபின், கதிர்வீச்சு ரெண்டையும் கேக்குறோம். எண்ணெயை இப்போதைக்கு வாங்கல. ஆனா அந்தக் கம்பெனிக்காரங்க நாலு புட்டி சேத்து வாங்கினா பாதி விலைன்னு தினம் வாட்ஸ்அப் அனுப்பறாங்க. "புற்றுநோயே கரையும்"னும் போட்டிருக்கு. பின்னாடி தேவைப்பட்டா மொத்தமா வாங்கி வெக்கலாமா வக்கீல் சார்?

சத்துவாச்சாரி வக்கீல்:

வேண்டாம். சரஸில் சிறு அளவு 100 கிராம். கலவையாக இருந்தால் உள்ளே இருக்கும் போதைச்சத்தை மட்டும் எடை போட மாட்டார்கள், கலவையின் மொத்த எடையும் கணக்கு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 30 மி.லி. நல்லெண்ணெய் ஏறக்குறைய 27 அல்லது 28 கிராம். மூன்று புட்டி 83 கிராம் அளவில் நிற்கும், நான்காவது 110க்குக் கொண்டுபோகும். எண்ணெயைச் சரஸ் என்று யாராவது எழுதிவிட்டால் 100 கிராம் வரை ஓராண்டு வரையிலான தண்டனை, அதைத் தாண்டினால் 10 ஆண்டு வரை. சீட்டு இருந்தாலும், ஒரு நோயாளிக்கு ஒரு மாதத்துக்கு எழுதியதற்கு நான்கு புட்டி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. எப்போது வாங்கினாலும் ஒரு புட்டி, அது தீர்ந்த பிறகு அடுத்தது.

புற்றுநோய் குணமாகும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடமோ ஆயுஷ் மருந்து உரிம அதிகாரியிடமோ புகார் கொடுக்க அது போதும். அதை அனுப்பும் கம்பெனியிடம் மட்டும் எப்போதும் வாங்காதீர்கள்.