போர்டில் உட்கார எவ்வளவு தர வேண்டும்?

எடிசன், நியூஜெர்சி

எங்கள் ஊரில் இலவசமாக மளிகை தரும் தொண்டு அமைப்பு ஒன்றின் போர்டில், அதாவது நிர்வாகக் குழுவில், இருக்கிறேன். அமெரிக்காவில் இந்தப் பொறுப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பல இடங்களில் நாம்தான் பணம் தர வேண்டும். ‘கொடு, இல்லை திரட்டிக் கொடு’ என்று விதியே எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் போர்டில் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர்.

எங்களிடம் மளிகை வாங்க வரும் ஓர் அம்மாவை போர்டில் சேர்த்தோம். பள்ளி கேன்டீனில் வேலை பார்ப்பவர். முதல் கூட்டத்திலேயே, ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் திறந்து வையுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வர முடியும்’ என்றார். ஐ.டி.க்காரர்களும் வக்கீல்களுமாக இருந்த போர்டில் அதுவரை யாரும் அதைப் பேசியதில்லை. உடனே நேரத்தை மாற்றினோம். டிசம்பரில் நன்கொடைப் படிவம் வந்தது. அதிலிருந்த மிகக் குறைந்த தொகையே 1,000 டாலர். அவர் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஜனவரியில் ராஜினாமா மெயில் வந்தது, ‘நேரமில்லை’ என்று.

எனக்கு மனசே ஆறவில்லை. போர்டில் எல்லோரும் கொடுக்கிறார்களா என்று மானியம் தருகிறவர்கள் கேட்பார்களே என்கிறார்கள் மற்ற உறுப்பினர்கள். கேட்பார்கள்தான். ஆனால் நான் நிரப்பிய படிவங்களில் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்றுதான் இருந்தது, தலைக்கு எவ்வளவு என்று இல்லை. பத்து டாலர் கொடுத்தாலும் அவர் கொடுத்தவர்தான். ‘அவரவர் சக்திக்கு ஏற்ப, தொகை பொருளாளருக்கு மட்டும் தெரியும்’ என்று விதியை மாற்றத் தீர்மானம் கொடுத்திருக்கிறேன்.

ஃபிரெஸ்னோ, கலிஃபோர்னியா

நான் இருப்பது மத்திய அரசு மானியம் பெறும் சமூக சுகாதார நிலையத்தின் போர்டில். இங்கே குறைந்தது 51% பேர் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு நாங்கள் சம்பளச் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தோம். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர், ‘கையில் காசு தருகிற மேஸ்திரி சீட்டு எங்கே தருவார்?’ என்று கேட்டார். அப்புறம்தான் வருமானத்தை அவரவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றானது. பணம் கேட்கும் போர்டாக இருந்தால் அவர் அந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டார்.

சிகாகோ

வசதி குறைந்த வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கான அரசு முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டில் என் மகன் இருந்தபோது, அதை நடத்துவதில் முடிவெடுக்கும் குழுவான பாலிசி கவுன்சிலில் இருந்தேன். பாதிக்கு மேல் பெற்றோர்தான். வசதி குறைந்தவர்களுக்கு வந்துபோகும் செலவைத் திருப்பித் தர விதி இருக்கிறது. எனக்கு பஸ் காசும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்ததும் கிடைத்தன. எடிசன் நண்பரே, உங்கள் தீர்மானத்தில் இதையும் சேருங்கள். அந்த அம்மாவையும் திரும்பக் கூப்பிடுங்கள்.