தோட்ட வேலைக்கு மடக்கு கத்தி: எந்த லாக்க நம்பலாம், விலைக்கு ஏத்த தரம் எப்படி பாக்கறது?

நாகலூர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டு மலைல நாகலூர் பக்கம் மாமாவோட காப்பித் தோட்டத்த இப்ப நான்தான் பாத்துக்கறேன். எப்பவும் பாக்கெட்ல கிடக்கற மாதிரி ஒரு நல்ல மடக்கு கத்தி வேணும். வேலைனு பாத்தா சாக்குத் தையல் பிரிக்கறது, நாத்துப்பை கிழிக்கறது, கருப்பு ஹோஸ் வெட்டறது, மிளகுக்கொடிய சில்வர் ஓக் மரத்தோட சேத்துக் கட்டின கயிறு அறுக்கறது, சில நேரம் காஞ்ச குச்சி சீவறது, அப்பப்ப பெயிண்ட் டப்பா மூடி நெம்பறது (திட்டுவீங்கனு தெரியும்). யூடியூப்ல ஒருத்தர் லைனர் லாக்கே போதும்ங்கறார், இன்னொருத்தர் பிரேம் லாக் இல்லாத கத்திய தொடாதீங்கறார், மூணாவது ஆள் பிளேட திருப்பி முதுகால கட்டைல படார் படார்னு அடிச்சுக் காட்டறார். ஆன்லைன்ல 400 ரூபாய்ல இருந்து 40,000 வரைக்கும் கிடக்கு, போட்டோல எல்லாமே ஒரே அச்சு. எல்லாத்துலயும் ஹெவி டியூட்டினு எழுதிருக்கான். பட்ஜெட் 4000, ரொம்ப நல்லதா இருந்தா 5000. லாக் எதுல வாங்கலாம், காசு எதுக்குப் போகுது, கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

கொடுவாள்_கட்சி:
தோட்டத்துல இருந்துட்டு மடக்கு கத்தியா 😀 இடுப்புல ஒரு சின்ன அரிவாள் சொருகிக்கோ, லாக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

லேத்துப்பட்டறை:
அரிவாள் சொன்னவர் சும்மா சொல்லல, பலமான வேலைக்கு அதுதான் சரி, ஆனா சாக்குத் தையல அரிவாள்ல பிரிச்சா காப்பியும் சேந்து கொட்டும்.

தம்பி, முதல்ல நெம்பறத விடுங்க. ஷெட்ல ஒரு பழைய ஸ்குரூடிரைவர் கிடக்கும்ல, அது போதும். மடக்கு கத்தினா ஒரு பிவட் (அச்சாணி), அதுல திரும்பற பிளேடு, அது மடங்காம பிடிச்சிருக்க லாக்னு ஒரு சின்ன உலோகத்துண்டு, அவ்வளவுதான் சமாச்சாரம். லாக் வெச்சது உங்க விரலுக்காக. சாதாரணமா வெட்டும்போது விசை பிளேட இன்னும் திறக்கற பக்கமாத்தான் தள்ளும், அத தாங்கறது ஸ்டாப் பின் (திறந்த பிளேடு போய் முட்டி நிக்கற கம்பி), லாக் இல்ல. லாக் மேல பாரம் ஏறறது எப்பனா, கத்தி பச்சை மரத்துல சிக்கி நீங்க ஆட்டி ஆட்டி இழுக்கும்போது, முனையால குத்தும்போது, கைய முறுக்கும்போது. இந்த மூணும் தினமும் செய்யற ஆளுக்கு எந்த லாக்கும் பத்தாது, மடங்காத கத்திதான் வேணும்.

இப்ப லாக்குக்கு வரேன். லைனர் லாக்ல கைப்பிடிக்குள்ள ஒரு மெல்லிய தகடு வளைஞ்சு வந்து பிளேடோட அடிப்பாகத்துல முட்டி நிக்கும். 1980-கள்ல மைக்கேல் வாக்கர்னு ஒரு அமெரிக்க கத்தி செய்யறவர் இப்ப இருக்கற வடிவத்துக்கு கொண்டு வந்தார். நல்லா செஞ்சா ரொம்ப நல்ல லாக், மோசமா செஞ்சா இதவிட ஆபத்தானது கிடையாது, ஏன்னா எல்லாமே அந்த தகடு முட்டற கோணத்துல இருக்கு, அந்த கோணம் கொஞ்சம் தப்பினாலும் முறுக்கும்போது வழுக்கிடும். 400 ரூபாய் கத்தில எவனும் அந்த கோணத்துக்கு மெனக்கெட மாட்டான். பிரேம் லாக்கும் அதே வேலைதான், தகடுக்கு பதிலா கைப்பிடியோட ஒரு பக்கமே வளைஞ்சு வந்து முட்டும், நீங்க இறுக்கிப் பிடிச்சா உங்க கையே லாக்க உள்ள அழுத்துது, அதனால பேர் வாங்குச்சு. டைட்டானியத்துல செஞ்சதுனா முட்டற இடத்துல ஒரு ஸ்டீல் துண்டு வெச்சிருக்கானானு பாருங்க, இல்லனா போகப்போக டைட்டானியம் தேஞ்சு ஒட்டற மாதிரி ஆயிடும்.

மூடும்போது கைப்பிடி பின்பக்கத்த அமுக்கி விடற லாக்பேக் பழைய சாமான். பக் கம்பெனியோட 110 மாடல் 1964-ல வந்தது, இன்னும் விக்கறான். அதோட எதிரி குப்பைதான், பின்னாடி இருக்கற பள்ளத்துல மண்ணோ சாக்கு நாரோ அடைச்சா லாக் முழுசா உக்காராது, நமக்கு உக்காந்த மாதிரியே தெரியும். கோல்ட் ஸ்டீல் கம்பெனி கத்திகள்ல வர ட்ரை ஆட் லாக் இதே லாக்பேக்தான், ஆண்ட்ரூ டெம்கோனு கத்தி வடிவமைக்கறவர் நடுவுல ஒரு ஸ்டாப் பின் போட்டு பாரத்த அதுக்கு மாத்தி விட்டார். பலம்னு மட்டும் கேட்டா நான் அதத்தான் சொல்வேன், ஆனா ஒரு கையால மூடறது கஷ்டம், விலையும் உங்க பட்ஜெட்ட தாண்டும்.

அப்பறம் குறுக்கால ஒரு கம்பி ஓடற கிராஸ்பார். பெஞ்ச்மேட் கம்பெனி 1998-ல ஆக்ஸிஸ்ங்கற பேர்ல கொண்டு வந்தது, காப்புரிமை முடிஞ்சதும் எல்லா கம்பெனியும் போட ஆரம்பிச்சுட்டான், அதனாலதான் இப்ப கம்மி விலைலயும் கிடைக்குது. மூடும்போது விரல் பிளேடு வர வழில இருக்காது, இடது கைக்காரங்களுக்கும் சரிப்படும். உள்ள ரெண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங் இருக்கும், அது ஒடியக்கூடியது, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும், ஆனா மாத்து ஸ்பிரிங் கிடைக்குமானு கேட்டுட்டு வாங்குங்க.

முதுகால அடிச்சுக் காட்டற வீடியோவ நம்பாதீங்க. அந்த மாதிரி அடிச்சா நல்ல லாக்கும் கெட்டுப்போகும்.

இரும்பாலை_ரிட்டயர்டு:
லாக் பத்தி அவர் சொன்னதுல எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, ஸ்டீல் பத்தி யாரும் பேசலையே. நம்ம ஊர்ல நிறைய பேர் ஸ்டெயின்லெஸ்னா எல்லாம் ஒண்ணுனு நினைக்கறாங்க, சேலம் ஸ்டீல்ல கத்தி செஞ்சா நல்லாருக்கும்ல சார்னு என்கிட்டயே கேப்பாங்க. பாத்திரத்துக்கு போற 304-ல கார்பன் 0.08 சதவீதத்துக்கு மேல போகாது, அத எவ்வளவு காய்ச்சி தண்ணி காட்டினாலும் பதம் ஏறாது, அதுல செய்யற கத்தி தோசைக்கரண்டிக்குதான் சமம். கத்திக்கு வேணுங்கறது வேற ரகம். 440சி-ல கார்பன் ஒரு சதவீதம் கிட்ட, டி2-ல ஒன்றரை கிட்ட இருக்கும். அதனால பிளேடுல 440-னு மட்டும் போட்டு பக்கத்துல எழுத்து இல்லனா, இல்ல சர்ஜிக்கல் ஸ்டீல்னு போட்டிருந்தா, என்ன ஸ்டீல்னு சொல்ல அவனுக்கு இஷ்டம் இல்லனு எடுத்துக்கங்க.

அதவிட முக்கியம் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது காய்ச்சி பதம் வெக்கறது. மேல சொன்ன பக் 110-ல போடறது 420எச்சி, பேப்பர்ல பாத்தா சாதாரண ஸ்டீல், ஆனா பால் பாஸ்ங்கற ஹீட் ட்ரீட்மென்ட் நிபுணர் அமைச்சுக் கொடுத்த முறைல பதம் வெக்கறதால அதே ஸ்டீல் மத்தவன் கைல நிக்கறதவிட நல்லா நிக்குது. ஸ்டீல் பேர பாத்து காசு கொடுக்காதீங்க, யார் பதம் வெச்சதுனு பாத்து கொடுங்க.

டி2 பத்தி ஒரு எச்சரிக்கை. துருவ தடுக்கற குரோமியம் 12 சதவீதம் கிட்ட இருக்கு, ஆனா அதுல பெரும்பகுதி கார்பனோட சேந்து கார்பைடா போயிடுது, அதனால முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. கீழ சேலம் டவுன்ல பரவால்ல. மேல உங்க மூட்டத்துல, வேர்வை பாக்கெட்ல கிடந்தா புள்ளி புள்ளியா துரு பிடிக்கும்.

மிளகுக்கொடி:
நானும் ஏற்காடுதான், மஞ்சக்குட்டை. இவ்வளவு பெரிய லாக் ஆராய்ச்சி எதுக்குனு புரியல, தம்பி சொன்ன வேலைல முக்கால்வாசி கயிறும் சாக்கும்தான். எங்க வீட்டுக்காரர் யாரோ சொன்னாங்கனு மிலிட்டரி ஸ்டைல்ல ஒரு டாக்டிகல் கத்தி வாங்கினார், பிளேடு முதுகு 4 மில்லி இருக்கும், கருக்குப் பக்கமும் அதே தடிமன்ல வந்து கடைசில சட்டுனு தீட்டிருக்கான், தேங்காநார் கயிற அது வெட்டல, நசுக்குது. மெல்லிசான பிளேடுதான் வெட்டும். நான் ஒப்பினல் 8-ம் நம்பர் வெச்சிருக்கேன், பிரான்ஸ்காரன் கத்தி, மரக்கைப்பிடி, கழுத்துல ஒரு வளையம், அத திருப்பினா லாக். 1955-ல இருந்து அந்த வளையம் இருக்கு. கார்பன் ஸ்டீல்லயும் வருது, ஸ்டெயின்லெஸ்லயும் வருது, மேல இருக்கறவங்க ஸ்டெயின்லெஸ் எடுக்கணும், கார்பன்ல ஆரஞ்சு உரிச்சா கொஞ்ச நேரத்துல கறுத்துடும். குறை என்னனா மழை மாசத்துல மரம் உப்பி பிளேடு வெளிய வர அடம் பிடிக்கும், பிவட் பக்கம் தேங்கா எண்ணெய் நல்லா ஊற விடணும். அப்பறம் வளையத்த திருப்ப மறக்கவே கூடாது, மறந்தா லாக்கே இல்ல.

லேத்துப்பட்டறை:
அக்கா சொன்ன தடிமன் விஷயத்த நான் விட்டுட்டேன், ரொம்ப சரி. ஹார்ட் யூஸ்னு விக்கற கத்தில பாதி நெம்பறவனுக்காக செஞ்சது. ஆனா ஒப்பினல் ஈரக்கையோட வளையம் திருப்ப வழுக்கும், எனக்கு அது ஒத்து வரல.

நாகலூர்_தம்பி:
ரொம்ப நன்றிண்ணா, சார், அக்கா. இப்ப ரெண்டுல வந்து நிக்கறேன். ஒண்ணு ஆன்டாரியோ கம்பெனியோட ராட் 1, ஏயூஎஸ் 8 ஸ்டீல், லைனர் லாக். இன்னொண்ணு ஒரு சீனா கத்தி, கிராஸ்பார், 440சி, பேரிங்ல சுத்தற மாதிரி, விரல வெச்சா பறக்குது. இன்னும் ரெண்டு டவுட்டு. கைல எடுத்து பாக்கும்போது என்ன பாக்கணும்? பஸ்ல எடுத்துட்டு கீழ வந்தா போலீஸ் பிரச்சனை வருமா?

இரும்பாலை_ரிட்டயர்டு:
ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளம் இல்ல 2 அங்குலத்துக்கு மேல அகலம் உள்ள பிளேடுனு எல்லை போட்டிருக்கு, அதுலயும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கு செஞ்சது சேராது. நீங்க கேக்கற ராட் 1 பிளேடு மூணரை அங்குலம் கிட்டதான். அதுக்காக கூட்டத்துல எடுத்து விரிச்சுக் காட்டாதீங்க, செக்போஸ்ட்ல கேட்டா தோட்ட வேலைக்குனு சொல்லுங்க, பைக்குள்ள அடில இருக்கட்டும். பிளைட்ல கேபின் பைல வெக்கவே கூடாது.

லேத்துப்பட்டறை:
பேரிங் வேணாம் தம்பி. செம்மண்ணும் காப்பித்தோல் தூசியும் அந்த குட்டி குண்டுகளுக்குள்ள போச்சுனா பறக்கறது எல்லாம் நின்னு நறநறங்கும். தோட்டத்துக்கு சாதா வாஷர்தான், பாஸ்பர் பிரான்ஸ் இருந்தா நல்லது.

கைல எடுத்ததும் திறந்து பிளேடு நுனிய ரெண்டு விரல்ல பிடிச்சு மேலயும் கீழயும், பக்கவாட்டுலயும் ஆட்டுங்க. பக்கவாட்டுல லேசா ஆட்டம் இருந்தா பிவட் ஸ்குரூவ இறுக்கினா போயிடும், மேல கீழ ஆட்டம் இருந்தா லாக் சரியா உக்காரல, அத திருப்பிக் கொடுத்துடுங்க, ஸ்குரூ இறுக்கி அது சரியாகாது. லைனர் லாக்னா தகடு பிளேடு அடிப்பாகத்துல எங்க வந்து நிக்குதுனு பாருங்க, புதுசுல மூணுல ஒரு பங்குல இருந்து பாதிக்குள்ள நின்னா சரி, ஓரத்துல மட்டும் தொட்டுட்டு நின்னா வழுக்கும், அந்தப் பக்கம் போய் ஒட்டிட்டு இருந்தா தேய இடமே இல்ல. அப்பறம் விரல் எல்லாம் பிளேடு மடங்கற வழில இல்லாம பிடிச்சுட்டு, முதுக மேஜைல வெச்சு மெதுவா பாரம் ஏத்துங்க, அடிக்க வேணாம், அழுத்தினா போதும். அப்படியே கைய கொஞ்சம் முறுக்குங்க. தகடு நகர்ற மாதிரி இருந்தா அதோட முடிஞ்சது. மூடி வெச்சு நுனி கைப்பிடிக்குள்ள முழுசா போகுதா, பிளேடு நடுவுல நிக்குதானு பாருங்க, நடுவுல நிக்காம ஒரு பக்கம் உரசினா அவசரத்துல மாட்டின கத்தி.

ஸ்குரூ தலை நட்சத்திர வடிவம், பெரும்பாலும் டி6, டி8. நல்ல பிட்டா வாங்கி வெச்சுக்கங்க, ஸ்குரூ கழலாம இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும், கெட்டியா பிடிக்கற சிவப்பு போட்டீங்கனா அப்பறம் என் பட்டறைக்குத்தான் கொண்டு வரணும்.

ரெண்டுல நான் ராட் 1. ஏயூஎஸ் 8 ரொம்ப நாள் கருக்கு பிடிக்காது, ஆனா மழுங்கினா சாதா கல்லுலயே தீட்டலாம். 15,000, 20,000 கொடுத்து வாங்கற பவுடர் ஸ்டீல் (உலோகத்தூள்ல செஞ்ச கெட்டி ஸ்டீல்) கத்திக்கு டைமண்ட் கல்லு இல்லாம ஒண்ணும் ஆகாது, மேல உங்ககிட்ட அது இருக்காது. டி2 போட்ட ராட் 1 கூட கிடைக்குது, சார் சொன்ன காரணத்துக்கு அத தொடாதீங்க. பெட்டி, அச்சு, பில்லு எல்லாம் பாத்து வாங்குங்க, பேர் பெத்த கத்தி பத்துல ஒரு பங்கு விலைக்கு வந்தா அது டூப்ளிகேட்தான், டூப்ளிகேட்ல முதல்ல ஏமாத்தறது லாக்தான்.

மிளகுக்கொடி:
பலாப் பால் பட்டா உடனே எண்ணெய் துணியால தொடச்சுடுங்க தம்பி, காஞ்சா அந்த லைனர் தகடே ஒட்டிக்கும்.

கொடுவாள்_கட்சி:
சரி ராட் வாங்கிக்கோ. அரிவாளும் வெச்சுக்கோ.

நாகலூர்_தம்பி:
ரெண்டும் வெச்சுக்கறேன் 😀 லேத்துண்ணா, கத்தி வந்ததும் கீழ எடுத்துட்டு வந்து ஒரு தடவ உங்ககிட்ட காட்டலாமா?

லேத்துப்பட்டறை:
தாராளமா. சேலம் செவ்வாய்ப்பேட்டை வந்து இன்பாக்ஸ்ல மெசேஜ் போடுங்க. ஞாயிறு மட்டும் லீவு. கவர் பிரிக்காம கொண்டு வாங்க, ஆட்டம் இருந்தா திருப்பி அனுப்ப ஈஸியா இருக்கும்.