கால் தாங்கியதா இல்லையா: நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் யார் கண் செல்லும்?

மிட்லண்ட்ஸ் சேணக்காரர்

நான் 18 ஆண்டுகளாக நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் இருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஃபோர்ஸ்மித் என்ற ஊரின் பெயரோடு பிணைந்த, 3 நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் போட்டியையும் முடித்தவன். சென்ற மாதம் 80 கிலோமீட்டர் ஓட்டமொன்றில் மருத்துவர்கள் இடையில் குதிரையைப் பார்க்கும் இரண்டாம் சோதனைத் தளத்துக்கு என் பெண்குதிரையைக் கொண்டுவந்தபோது, நான்கே நிமிடத்தில் அதன் நாடி நிமிடத்துக்கு 52 துடிப்பாக இறங்கிவிட்டது. தொடர்ந்து ஓட விட, பல இடங்களில் நாடிக்கு மேல் வரம்பு 64 என்பது உங்களுக்குத் தெரியும். ஈறு ஈரமாக இருந்தது, குடல் ஒலியும் நன்றாகவே கேட்டது. அதன்பின் கயிற்றைப் பிடித்துச் சிறு ஓட்டமாக ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். மூன்று மருத்துவர்களில் இருவர், வலது முன்னங்காலைத் தாங்குகிறது, அதாவது நொண்டுகிறது என்று சொல்லி, போட்டியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று மாலையே லாயத்தில் அது சீராக நடந்தது. ஆயுளில் 20 கிலோமீட்டர்கூடச் சேணத்தில் அமர்ந்திராதவர், 40 மீட்டர் ஓட்டத்தைப் பார்த்து எங்கள் ஓராண்டு உழைப்பை முடித்துவைப்பது நியாயமா? தீர்ப்புக் குழுவில் அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவருக்கும் இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை.

டொங்காட் தமிழச்சி

ஐயா, உங்கள் அனுபவத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நீங்கள் காட்டும் சான்றுகள் உங்கள் வழக்குக்கு வலுச் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

கடைசி ஒரு கிலோமீட்டரை நடத்தியே கொண்டுவந்து, வந்ததும் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் கால்களின் உட்புறத்திலும் தண்ணீர் ஊற்றினால் நாடி விரைவாக இறங்கும் என்பதை அனுபவம்தான் நமக்குக் கற்றுத்தருகிறது. அதனால் 52 என்ற எண் குதிரையின் திறத்தைக் காட்டுவதோடு, உங்கள் கைத்திறத்தையும் சேர்த்தே காட்டுகிறது. காலின் வலியைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. மேலும், குதிரை வேட்டையாடப்பட்ட இனம். கூட்டத்தோடு ஓடும்போது வலியை மறைப்பது அதன் இயல்பு. மாலையில் சீராக நடந்தது என்கிறீர்கள். நடையில் தெரியாத குறை ஓட்டத்தில்தான் தெரியும். நிறுத்தியதால் கால் தேறியது என்றும் இதைப் படிக்கலாமே.

உதவியாளராகப் போன இடத்தில் நான் கண்ணால் கண்டது ஒன்று. வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். ஒருவர் கயிற்றைத் தாடைக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினார். தலை அசையவே இல்லை. “கயிற்றைத் தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள்” என்றார் மருத்துவர். தளர்த்திய மூன்றாம் எட்டிலேயே தலை ஆடத் தொடங்கியது. அவர் வேண்டுமென்று செய்தாரா என்று நான் அறியேன். ஆனால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது ஓட்டுநருக்கும் பொருந்தும். அவரைக் குழுவில் அமர்த்தினால் அடுத்தவர் குதிரையையும் அதே இரக்கத்தோடுதான் பார்ப்பார்.

வெருலம் வாசகன்

நம்மவர்களுக்குக் குதிரை என்றால் டர்பனின் கிரேவில் பந்தயத்திடலும் அங்கு நடக்கும் ஜூலை மாதப் பந்தயமும்தான். 2200 மீட்டரில் கதை முடிந்துவிடும். அதனால் இந்த விளையாட்டில் முடிப்பதே வெற்றி என்பதை வீட்டில் விளங்கவைப்பதே எனக்குப் பெரும்பாடு. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பை என்னும் நெடுந்தூரக் குதிரையோட்டத்தில், முதல் 10 இடங்களில் முடித்த குதிரைகளுள் மிகச் சிறந்த உடல்நிலையில் உள்ளதற்குத் தனிக் கோப்பை தருகிறார்கள். வேகத்தையும் நலத்தையும் ஒருசேர மதிக்கும் வழி அது.

மிட்லண்ட்ஸ் சேணக்காரர்

தங்கச்சி, அனுபவமே ஐயத்துக்குரியது என்பதுபோல எழுதுகிறீர்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தனி நடை உண்டு. பிறவியிலேயே ஒரு காலின் எட்டு மட்டும் குறுகியவை பல. அதை நாள்தோறும் சேணத்திலிருந்து உணர்பவர் சொல்லாவிட்டால், முதன்முறை பார்க்கும் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

டொங்காட் தமிழச்சி

சரியான கேள்வி. அதற்காகத்தான் ஓட்டத்துக்கு முந்தைய சோதனை இருக்கிறது. குதிரையின் இயல்பான நடையை அதன் சோதனை அட்டையில் குறிப்பதும் அதற்குத்தான். 2015-இல் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம், குதிரை நலனைக் காரணம் காட்டி ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அங்கே அனுபவத்துக்கா பஞ்சம்? எனவே குழுவில் யார் அமர்வது என்பதைவிட, மூன்று மருத்துவர்களும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் தனித்தனியே எழுதித் தருகிறார்களா, ஓட்டுநருக்கு நெருங்கியவர் விலகி நிற்கிறாரா என்றே கேட்க வேண்டும். அதில் குறையிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து மனு எழுதுகிறேன். இப்போது ஒன்றே ஒன்று: முதல் நாள் உங்கள் அட்டையில் நடையைப் பற்றி என்ன எழுதியிருந்தது?

மிட்லண்ட்ஸ் சேணக்காரர்

ஒன்றும் எழுதவில்லை. குறையில்லை என்றே இருந்தது. மூன்றாண்டுக்கு முன் அந்தக் காலின் தசைநாரில் அடிபட்டதையும், அன்றிலிருந்து அந்தப் பக்கத்து எட்டு சற்றுக் குறுகியிருப்பதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் தொடங்கவே விடமாட்டார்களோ என்று நினைத்தேன். அடுத்த ஓட்டத்தில் சொல்லி எழுதவைக்கிறேன். தனித்தனியே எழுதித் தரும் முறைக்கான மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் ஓட்டுநருக்கு இடம் வேண்டும் என்பதை மட்டும் இன்னும் விடுவதாக இல்லை.