பாட்டு வரிசை எப்பிடிப் போடுறாங்கள்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கோ

கொட்டாஞ்சேனைக்காரன்:
தொண்ணூறுகளின்ர நடு. புறக்கோட்டையில கசெட் கடையில நிண்டனான். கிழமைக்குக் கிழமை எது முதலாவது, எது ரெண்டாவது எண்டு பாட்டு வரிசை போடுற ஆக்களிட்ட இருந்து வாராவாரம் போன் வரும், "இந்தக் கிழமை எது கூடப் போகுது?" எண்டு. அண்டைக்கு ஒரு கசெட் முழுக்க முடிஞ்சு, கேட்டு வந்த சனத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறன். முதலாளி போனில சொன்னது, பெட்டி பிரிக்காமல் மேல்தட்டில கிடந்த இன்னொண்டின்ர பேர். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுத்த கிழமை அது வரிசையில. ஆக்கள் வந்து அதையே கேட்டு வாங்கிச்சினம்! எந்த வரிசையைக் கண்டாலும் அந்தப் பார்வைதான் ஞாபகம் வருது.

வெள்ளவத்தை ரசிகை:
அண்ணா, ஒரு கடையை வச்சு எல்லாத்தையும் பொய் எண்டு நினைக்காதேங்கோ. பிரிட்டனில 1952 நவம்பரில நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை முதல் வரிசை போட்டதும் கடைகளுக்குப் போன் அடிச்சுக் கேட்டுத்தான். அமெரிக்காவில பில்போர்டு எண்ட இசைப் பத்திரிகையும் கனகாலம் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பினது. 1991இல சவுண்ட்ஸ்கான் எண்ட விற்பனை எண்ணுற முறை வந்து, காசு கட்டேக்க பார்கோடை வாசிச்சு எண்ணத் தொடங்கினாப் பிறகுதான் ஆல்பம் வரிசையில ராப் பாட்டும் கன்ட்ரி எண்ட அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டும் கிடுகிடுவெண்டு மேல ஏறினது. அதுவரை அதுகளைக் குறைச்சுச் சொல்லியிருக்கினம்.

பம்பலப்பிட்டியில ஒருக்கா நான் வாங்கின சீடியின்ர உறை போட்டோக்கொப்பி. பார்கோடு இருந்த இடத்தில கறுப்புத் திட்டு. பில்லும் இல்லை. அந்த விற்பனை எந்தக் கணக்கில சேரும்?

தெஹிவளை அப்பா:
மகன் போன வருஷம் பாட்டு வெளியிட்டவன். ஒரு இரவு அறைக்குள்ள போறன், மேசை நிறையப் போன், சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு எல்லாத்திலயும் அவன்ர பாட்டு ஓடுது. "வரிசையில வரவேணும் அப்பா" எண்டான்.

பிள்ளைகள் பாட்டு விடுற பெற்றோர் கவனியுங்கோ. பிரிட்டன் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு) வரிசையில ஸ்ட்ரீமிங்கை, அதாவது இணையத்தில பாட்டுக் கேக்கிறதைச் சேர்த்தது 2014 ஜூலையில, அப்ப 100 தரம் கேட்டால் ஒரு விற்பனை. 2018இல பிரிச்சவை: காசு கட்டிக் கேட்டால் 100 தரத்துக்கு ஒரு விற்பனை, விளம்பரத்தோட இலவசமாய்க் கேட்டால் 600 தரத்துக்கு. 2017இல எட் ஷீரன் எண்ட பாடகரின்ர 16 பாட்டு ஒரேயடியாய் முதல் 20க்குள்ள வந்தது. அதுக்குப் பிறகு ஒரு பாடகருக்கு மூண்டு பாட்டுத்தான் எண்டு மட்டுப்படுத்தினவை. அமெரிக்காவில பில்போர்டின்ர ஹாட் 100 எண்ட பாட்டு வரிசைக்கு வானொலியில போறதையும் சேர்க்கினம், பிரிட்டனில இல்லை. மேசையில நாலைஞ்சு போனை ஓடவிட்டு இந்தக் கணக்கை நிரப்பேலாது. ஆகவே போன் வாங்கிக் குடுக்காமல் நல்ல ஒலிப்பதிவுக்குச் செலவழியுங்கோ. கோயில் திருவிழா, கல்யாண வீடு எண்டு மேடையில பாட விடுங்கோ. முதல்ல ஆக்கள் முகத்துக்கு முன்னால பாடிப் பழகட்டும்.

பழைய நேயர்:
கொட்டாஞ்சேனைத் தம்பி, கடைக் கணக்கு மட்டுந்தான் வரிசையோ? 1952இல இலங்கை வானொலியில தொடங்கின பினாக்கா கீத்மாலா எண்ட ஹிந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி, றெக்கோட் விற்பனையோட நேயர்களின்ர விருப்பத்தையும் சேர்த்துத்தான் போட்டது. ஒலிநாடா பம்பாயில இருந்து வரும். அப்பா கொழும்பு டொரிங்டனில இருந்த அந்த வானொலி நிலையத்தில வேலை செய்தவர். ஒரு புதன்கிழமை வாசல் காவலாளி, "இந்தக் கிழமை முதலாவது எது ஐயா?" எண்டு கெஞ்சிக் கேட்டவராம். "இரவு எட்டு மணிக்கு எல்லாரோடயும் சேர்ந்து கேளுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு அப்பா உள்ள போயிட்டார். அந்த மனிசன் ஒரு றெக்கோட்டும் வாங்கியிருக்க மாட்டார். உங்கட முதலாளி உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்தக் காவலாளி கணக்கில வந்திருப்பாரோ?